கேன் தூக்காத நான்காவது ஆள்

எங்கள் தெருமுனையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பி, போன வாரம் கல்லாவில் சில்லறை தேடிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, லெஃப்ட் 4 டெட் 2 என்ற கணினி விளையாட்டு பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?" யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 2012 முதல் விளையாடுகிறேன். என் கணக்கில் அறுநூறு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. அப்படிப்பட்ட ஒன்றை ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டு வரலாமா? அவனுக்காக நிதானமாக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நிதானம்தான் குறைகிறது.

நான்கு பேர், ஜாம்பிக் கூட்டம், ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓட்டம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2009 நவம்பரில் வந்தது; பழைய கணினியிலும் முனகாமல் ஓடும். அதையெல்லாம் விடுகிறேன். என் வழக்கு நான்காவது ஆளைப் பற்றியது.

நாங்கள் நான்கு பேர். நான் வியாசர்பாடி. மற்றவர்களையும் பேட்டைப் பெயரால்தான் கூப்பிடுவோம், பள்ளிக்கூடத்து வழக்கம்: காசிமேடு, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை. 2019-இல் தண்டையார்பேட்டை வேலை கிடைத்து ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான், ஆனால் ஷிப்ட் வேலை. நாங்கள் உட்காரும் நேரத்தில் அவன் நின்றுகொண்டிருப்பான். அன்றிலிருந்து அவன் இடத்தில் கணினியே ஓட்டும் பாட். அவன் எப்போதும் எடுப்பது கோச் என்ற பாத்திரம், பருத்த உடம்புக்காரர். அந்த உடம்புக்குள் இப்போது பாட் குடியிருக்கிறது.

அந்தப் பாட் பெட்ரோல் கேன் தூக்காது.

டெட் சென்டர் என்ற முதல் கதையின் கடைசிக் கட்டம் இப்படி: வணிக வளாகத்தின் நடுக்கூடத்தில் ஒரு பந்தயக் கார் நிற்கிறது. மாடி மாடியாகச் சிதறிக் கிடக்கும் கேன்களில் 13-ஐக் கொண்டுவந்து ஊற்றினால்தான் வண்டி கிளம்பும். ஒருமுறைக்கு ஒரு கேன்தான். கேன் கையில் இருக்கும்வரை சுட முடியாது. வடசென்னைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றால் தெருவே அப்படித்தான் ஓடும்: ஒருவர் குழாயைப் பிடிப்பார், ஒருவர் நிறைந்த குடத்தை மாடிக்கு ஏற்றுவார், ஒருவர் வரிசையில் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்வார். எங்கள் வேலைப் பிரிவினையும் அதுவே. மேல்மாடியிலிருந்து கேன்களைக் கீழே வீசுவது காசிமேடு, பொறுக்கி ஊற்றுவது நான், காவல் கொடுங்கையூர். கோச்? வீட்டுக்காரரின் மகன் பால்கனியில் நின்று லாரியை வேடிக்கை பார்ப்பது போல நிற்கும். காலுக்கடியிலேயே கேன் கிடக்கும். குனியாது. பைப் வெடிகுண்டு, பெட்ரோல் குண்டு எதையும் எடுத்து எறியவும் செய்யாது.

2020 செப்டம்பரில் தி லாஸ்ட் ஸ்டாண்ட் என்ற பெரிய புதுப்பிப்பு இலவசமாக வந்தது. ரசிகர்களே சேர்ந்து உருவாக்கியது. பதினோரு வயதான விளையாட்டுக்கு இப்படி ஒரு சீர்வரிசை எங்கே கிடைக்கும்? ஊரடங்கு நேரம், வேறு வேலையும் இல்லை. இறக்கி முடித்ததும் புதுக் கதைக்குள் போகாமல் நேராக டெட் சென்டருக்குப் போய் நின்றேன். கேன் கிடந்த இடத்தில் கிடந்தது. கோச் நின்ற இடத்தில் நின்றது.

வெளியாட்களைச் சேர்த்தும் பார்த்தோம். வருபவன் வந்த வேகத்தில் முன்னால் ஓடிப்போய், தெருவில் நிறுத்திய காரைச் சுட்டு, அலாரத்தை அலறவிட்டு, மொத்தக் கூட்டத்தையும் எங்கள்மேல் அவிழ்த்துவிடுவான். பிறகு எங்களையே ஓட்டுப்போட்டு வெளியேற்றப் பார்ப்பான். இரண்டு வாரத்தில் அந்த ஆசை தீர்ந்தது.

பாட் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அதன் குண்டு நம்மேல் பட்டாலும் உயிர் குறையாது. காசிமேட்டின் குண்டு பட்டால் குறையும்; எக்ஸ்பர்ட் என்ற மிகக் கடினமான நிலையில் நிறையவே குறையும். அவன் சுடும்போது எதிரி எங்கே என்பதைவிட நான் எங்கே நிற்கிறேன் என்பதுதான் எனக்குக் கவலை. இந்த விளையாட்டில் ஹன்டர் என்ற தனி வகை ஜாம்பி பாய்ந்து அமுக்கினால் நாமாக எழ முடியாது, இன்னொருவர் வந்து விலக்க வேண்டும். அதேபோன்ற வேறு வகைகளான ஸ்மோக்கரின் நாக்கு இறுகிவிட்டாலும், சார்ஜரின் பிடியில் சிக்கினாலும் விடுபட அதே வழிதான். தனியாக ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அடுத்தவன் கண் அவன்மேல் இல்லாவிட்டால் செத்தான். நான் அப்படி விழுந்துகிடக்கும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் கோச்தான். போன மாதம் உயிர் சிவப்புக்கு இறங்கியபோது தன்னிடம் இருந்த மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டியது. தண்டையார்பேட்டை ஏழு வருடத்தில் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை.

இவ்வளவு எரிச்சலோடு ஏன் இன்னும் விளையாடுகிறாய் என்றால், ஹார்ட் ரெயின் என்ற இன்னொரு கதைக்காக. படகுக்கு டீசல் தீர்ந்துபோகிறது. படகோட்டி இவர்கள் நால்வரையும் ஓர் ஊரில் இறக்கிவிடுகிறார். சர்க்கரை ஆலை வழியாக நடந்து பெட்ரோல் பங்குக்குப் போய் டீசலோடு வந்த வழியே திரும்ப வேண்டும். ஆலைக்குள் விட்ச் எனப்படும் அழும் பெண்கள் ஒன்றுக்குப் பலராக இருப்பார்கள். எக்ஸ்பர்ட்டில் சீண்டினால் ஒரே அடிதான். போகும்போது தூறல். திரும்பும்போது புயல். போகும்போது நடந்த அதே தெருவில் தண்ணீர் நிற்கிறது, கால் நகர மறுக்கிறது, மழை இறுகும்போது நான்கு அடிக்கு அப்பால் தெரிவதில்லை, காற்றின் இரைச்சலில் எந்தப் பக்கம் என்ன வருகிறது என்று காதுக்கும் பிடிபடுவதில்லை. கூட்டத்தை எப்போது அவிழ்ப்பது, மருந்தை எங்கே வைப்பது என்பதையெல்லாம் இயக்குநர் என்ற நிரல் நம்முடைய நிலைமையைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்தத் தெரு ஒவ்வொரு முறையும் வேறு தெருவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

காலையில் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக வேலைக்குப் போய், மாலையில் அது குளமாகிக் கிடக்க, சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வீடு வந்தவனுக்கு இந்தக் கதை எங்கோ அமெரிக்காவில் நடப்பதாகத் தோன்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, சாக்கடை எங்கே, சாலை எங்கே என்று தெரியாமல் சுவரைப் பிடித்தபடியே நடந்தேன். பிறகு ஹார்ட் ரெயினைத் திறக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. இப்போதும் அதில் தண்ணீரில் இறங்கும் முன் சுவர் ஓரமாகத்தான் ஒதுங்குகிறேன். விளையாட்டில் சாக்கடைப் பள்ளம் கிடையாது என்று தெரியும், ஆனால் கால் கேட்பதில்லை.

காசிமேட்டின் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் 61 நாள், வீட்டில் இருப்பார். ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எந்த மடையன் கரையை விட்டுக் கிளம்புவான்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த நாள் சாப்பிடும்போது மகனிடம், "அந்த நாலு பேருக்கும் டீசல் கிடைத்ததா?" என்று விசாரித்தாராம்.

கிடைக்கவில்லை. அன்றும் மின்சாரம் போய்விட்டது. நல்ல இணைப்பு கொடுங்கையூரிடம் இருப்பதால் அவன் கணினிதான் எங்களுக்கு சர்வர். அவன் வீட்டில் விளக்கு அணைந்தால் மூவரும் வெளியே. நடுவில் சேமித்து வைக்கும் வசதி இல்லை. அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து, தேடிச் சேர்த்த துப்பாக்கிகளை இழந்து, வெறும் கைத்துப்பாக்கியோடு தொடங்க வேண்டும். இன்வெர்ட்டர் வாங்கு என்று ஒரு வருடம் சொன்னோம். வாங்கினான். அவன் அம்மா கிரைண்டரையும் அதில் மாட்டிவிட்டார்.

இந்தப் பொங்கலுக்குத் தண்டையார்பேட்டை விடுமுறையில் வந்திருந்தான். நான்கு கணினிகளையும் கொடுங்கையூர் வீட்டு மாடியில் பரப்பி, நேராக டெட் சென்டர். அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: கேன் தூக்கு, வேறு எதுவும் செய்யாதே. தூக்கினான். இரண்டு முறை என் முதுகில் சுட்டான். டேங்க் என்ற ராட்சத ஜாம்பி வந்தபோது கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டரில் ஓடினான். மாத்திரை கேட்டேன், காது கேட்காதது போல் இருந்தான். 11 கேன் ஊற்றியபோது செத்தோம். அடுத்த முறை 9. அதற்கடுத்த முறை 12, கடைசிக் கேன் இவன் கையிலேயே இருந்தது. அந்த இடத்தில் பாட் இருந்தபோதே பலமுறை தாண்டிய கட்டம் இது. விடியற்காலை மூன்றரைக்குக் கொடுங்கையூரின் அம்மா வந்து விளக்கை அணைத்தார்.

தம்பி, நீ கடையை மூடிவிட்டுத் தனியாக விளையாடத்தான் கேட்டாய் என்று நினைக்கிறேன். வாங்காதே. மூன்று பாட்களோடு அந்த வளாகத்தில் நின்றால், கேன் முழுவதையும் நீயே சுமப்பாய், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பத்தில் ஒரு பங்கு விலை என்பது உண்மைதான்; மற்ற மூன்று பேரை அந்த விலைக்குத் தரமாட்டார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால், ஹார்ட் ரெயினை மட்டும் தனியாகத் தொடங்காமல் வைத்திரு. ஞாயிறு இரவு பத்தரைக்கு மேல் நாங்கள் இருப்போம், கொடுங்கையூரில் மாவு அரைக்காமல் இருந்தால்.