நீக்கிய பிறகும் நீங்காதவை: ரெவோ அன்இன்ஸ்டாலருடன் ஆறு வருடம்

திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் சிறிய டைப்பிங், போட்டோகொப்பிக் கடை ஒன்று நடத்துகிறேன். மூன்று கணினிகள், இரண்டு பிரிண்டர்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தை யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒருவர் வருவார், கலியாண வீடியோவை வெட்டி ஒட்டித் தரச் சொல்லி இன்னொருவர் வருவார். அதனால் புதுப்புது மென்பொருள்களை நிறுவுவதும் வேலை முடிந்ததும் நீக்குவதும் எனக்குக் கிட்டத்தட்ட வாராந்த வேலை.

நீக்கினால் முழுதாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு கணினியில் 128 ஜிபி எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கிறது. அதன் சி டிரைவ் சிவப்பாகிவிட்டதே என்று ஒருநாள் உட்கார்ந்து தேடினேன். மாதக்கணக்கில் முன்பே நீக்கிய வீடியோ எடிட்டர் ஒன்று, ஆப்டேட்டா போல்டருக்குள் 9 ஜிபி கேஷ் கோப்புகளை (வேலைக்காகத் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பவை) விட்டுவிட்டுப் போயிருந்தது. ஆப்டேட்டாவும் புரோகிராம்டேட்டாவும் மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும், விண்டோஸில் மறைந்தே இருக்கும் போல்டர்கள். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி மாற்றினால்தான் கண்ணில் படும். அந்த வாரம்தான், மென்பொருள்களை மிச்சமில்லாமல் நீக்க உதவும் ரெவோ அன்இன்ஸ்டாலரின் இலவசப் பதிப்பை நிறுவினேன். அது 2019.

அது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் ஒரு ரீஸ்டோர் பொயின்ட் எடுக்கும், அதாவது ஏதாவது பிழைத்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப ஒரு பதிவு. பிறகு அந்த மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலரையே ஓட்டும். அது முடிந்த பின்னர்தான், என்ன மிச்சம் கிடக்கிறது என்று போல்டர்களிலும், விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் தேடும். தேடுவதற்கு சேஃப், மொடரேட், அட்வான்ஸ்ட் என்று மூன்று நிலைகள். ரெஜிஸ்ட்ரிப் பட்டியலில் தடித்த எழுத்தில் உள்ளவை மட்டுமே அழியும். மற்றவை, அது எந்தக் கிளைக்குள் இருக்கிறது என்று வழி காட்டுவதற்காக இருப்பவை. இது தெரியாமல், மைக்ரோசொப்ட் என்ற பெயரைப் பட்டியலில் பார்த்துப் பயந்து, ஆரம்பத்தில் பல தடவை இடையிலேயே மூடியிருக்கிறேன்.

பயம் தெளிந்ததும் நேரெதிராகப் போனேன். எப்போதும் அட்வான்ஸ்ட், எப்போதும் 'செலெக்ட் ஆல்'. இரண்டாம் வருடம் அதற்கு விலை கொடுத்தேன். பழைய பிரிண்டர் ஒன்றைக் கழித்துவிட்டு அதன் மென்பொருளை நீக்கினேன். புதிய பிரிண்டரும் அதே நிறுவனத்துடையது. பட்டியலில் நிறுவனத்தின் பெயரில் வந்த போல்டருக்குள் இரண்டுக்கும் பொதுவான கோப்புகள் இருந்தன. பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த நாள் காலை, முதலாம் தர அனுமதி விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் பண்ண ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஸ்கேன் மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது. ரீஸ்டோர் பொயின்ட்டுக்குத் திரும்பி, அப்புறம் ஸ்கேன் மென்பொருளை மறுபடி நிறுவி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. கைக்குழந்தையுடன் வந்த ஓர் அக்கா காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அது முழுக்க என் பிழை. பட்டியல் என் கண் முன்னால்தான் இருந்தது.

அன்றிலிருந்து மொடரேட் நிலைதான். ஒவ்வொரு வரியையும் வாசிக்கிறேன். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும் போல்டர் என்றால் திறந்து பார்க்கிறேன், குறிப்பிட்ட மென்பொருளின் பெயர் இருந்தால்தான் அழிக்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒருவரின் கணக்கைக் காப்பாற்றியது. கிண்ணியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் மடிக்கணினியைக் கொண்டுவந்து, பில் போடும் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடச் சொன்னார். "தம்பி, மூணு வருசக் கணக்கு உள்ளுக்க இருக்கு, பாத்துச் செய்ங்க" என்றார். நீக்கி முடிந்ததும் வந்த மிச்சப் பட்டியலில், புரோகிராம்டேட்டாவுக்குள் அந்த மென்பொருளின் பெயரிலேயே ஒரு போல்டர். உள்ளே அவருடைய டேட்டாபேஸ் கோப்பு. ரெவோவின் கண்ணுக்கு அது மிச்சம், அவருக்கு அதுதான் கடை. பல மென்பொருள்கள் இப்படி வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகின்றன, மறுபடி நிறுவும்போது பழைய தரவு கிடைக்க வேண்டும் என்பதற்காக. டிக்கை எடுத்துவிட்டேன், அவருடைய பென் டிரைவுக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். இப்போது யாருடைய கணினியாக இருந்தாலும், நீக்கத் தொடங்கும் முன்பே தரவு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பிரதி எடுத்துவிடுகிறேன்.

சரி, கணினி வேகமாகிறதா? எல்லோரும் கேட்பது இதைத்தான். ரெஜிஸ்ட்ரியில் இருநூறு வரி அழித்தாலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அவை எல்லாம் சேர்ந்தாலும் சில கிலோபைட்தான். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் கிளீனர் மென்பொருள்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசொப்டே சொல்லியிருக்கிறது. இடம் கிடைப்பது பெரிய கேஷ் போல்டர்களால். வேகம் கிடைப்பது, நீக்கிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளையும் அப்டேட் பார்க்கும் நேர அட்டவணைப் பணிகளையும் நிறுத்தும்போது.

அவற்றைப் பார்க்க நான் வைத்திருப்பது ஆட்டோரன்ஸ். மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று, இலவசம். கணினி திறக்கும்போது எவையெல்லாம் தானாக எழும்புகின்றன என்று முழுதாகக் காட்டும். கோப்பே இல்லாமல் பதிவு மட்டும் கிடந்தால் மஞ்சளில் காட்டும். தமிழ் தட்டச்சுக் கருவி ஒன்றை நீக்கிய பிறகு, கணினியைத் திறக்கும்போதெல்லாம் 'கோப்பைக் காணவில்லை' என்று ஒரு பெட்டி ஒரு வருடமாக வந்துகொண்டிருந்தது. ஆட்டோரன்ஸில் அந்த மஞ்சள் வரியின் டிக்கை எடுத்தேன், பெட்டி நின்றது. டிக்கை எடுப்பது அழிப்பது அல்ல, வேண்டுமென்றால் திரும்பப் போடலாம். அதனால் இந்தக் கருவி எனக்கு மிகவும் பிடிக்கும்.

அன்டிவைரஸ் மட்டும் வேறு கதை. அதன் டிரைவர்கள் விண்டோஸின் ஆழத்தில் இருப்பதால் ரெவோவை நம்பி இறங்குவதில்லை. அனேகமான அன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி நீக்கும் கருவி தருகின்றன. விண்டோஸை அவசியமானவற்றுடன் மட்டும் திறக்கும் சேஃப் மோடில் அதை ஓட்டினால் போதும். அதேபோல விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் போல்டர் எத்தனை ஜிபி இருந்தாலும் கை வைக்க வேண்டாம். அதிலிருந்து அழித்தால் பிறகு மென்பொருளை நீக்கவும் முடியாது, அப்டேட் பண்ணவும் முடியாது.

ரெவோவில் எனக்குள்ள ஒரே குறை, ஏற்கெனவே வேறு வழியில் நீக்கியதன் மிச்சத்தைத் தேடும் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. அதற்கு பல்க் கிராப் அன்இன்ஸ்டாலர் வைத்திருக்கிறேன். திறந்த மூல மென்பொருள், அனாதையாகக் கிடக்கும் புரோகிராம் போல்டர்களைத் தேடித் தரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு நம்பி அழிக்கலாம் என்று மதிப்பும் போட்டிருக்கும். 'வெரி குட்' என்று போட்டிருப்பதை மட்டும் அழிக்கிறேன். மற்றதெல்லாம் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.