காரைக்குடி மரக்குதிரையும் நான்கு கோடைகளும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் 700 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய மரக்குதிரை, வெள்ளை உடலும் காவிச் சேணமுமாக எங்கள் கூடத்துச் சன்னலோரம் நிற்கிறது. ஒரு முழ உயரம். வண்ணம் பூசி நான்கு கோடைகள் கடந்துவிட்டன. பூசிய மறுநாள் எந்தப் பொருளும் அழகாகத்தான் இருக்கும். அன்று எடுத்த படங்களை நம்பி யாரும் பெயிண்ட் வாங்க வேண்டாம்.

வாங்கும்போது அதன்மேல் மங்கிய வெள்ளி எனாமல் இருந்தது. காது மடிப்பில் பெயர்ந்த இடத்தைச் சுரண்டினால் வெள்ளிக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே செங்கல் சிவப்பு, அதன் பிறகுதான் மரம். எனக்கு முன்பே இரண்டு பேராவது இதற்கு உடுப்பு மாற்றியிருக்கிறார்கள். கடைக்காரரும் இதைப் பழம்பொருள் என்று சொல்லி விற்கவில்லை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த பர்மா தேக்கு வேலைப்பாடுகளும் அதே தெருவில் கிடைக்கின்றன. அவற்றில் தூரிகை வைப்பதை என்னால் ஏற்க முடியாது. நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் துடைத்து வைத்தால் போதும்.

பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை வாங்கி, முகக்கவசத்தோடு மொட்டை மாடியில் தேய்த்தேன். மரம் தெரியும்வரை உரிக்கவில்லை. மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பு வந்தால் போதும். விரிசல்களில் பட்டி பார்த்து, மரத்துக்கான பிரைமர் இரண்டு பூச்சு. வேலையில் பாதி இதுதான். பலரும் அவசரப்படுவதும் இங்கேதான். நான் பூசியது தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் பெயிண்ட். எனாமலின் வழவழப்புமேல் நேரடியாக அதைப் பூசினால் நகம் பட்டாலே தோலாக உரியும். என் குதிரையில் இதுவரை ஓரிடத்திலும் உரியவில்லை.

நிறங்களுக்கு அய்யனார் கோயில் குதிரைகள்தான் முன்மாதிரி: வெள்ளை உடம்பு, காவிச் சேணம், மஞ்சள் சலங்கை, நீலக் கடிவாளம். என் மகளின் விருப்பத்துக்காகக் கழுத்து மாலையில் மட்டும் பளீர் இளஞ்சிவப்பு.

இனி முடிவுகள். குதிரையின் வலப்பக்கம் கிழக்குச் சன்னலைப் பார்க்கிறது, இடப்பக்கம் சுவரை. இப்போது சுற்றிவந்து பார்த்தால் இரண்டு குதிரைகள். சுவர்ப் பக்கத்து மாலை இன்னும் அரளிப்பூ நிறம். வெயில் பக்கத்து மாலை வெளுத்துச் சந்தனமாகிவிட்டது. கண்ணைப் பறிக்கும் இத்தகைய நிறங்களில் பெரும்பாலும் இருப்பது சாயம். வெயில் அதைத் தின்றுவிடும். காவியும் மஞ்சளும் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கின்றன. அவை இரும்பு ஆக்சைடு. நம் பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரை தலைமுறை கடந்தும் சிவந்திருப்பது இதே சரக்கால்தான். நல்ல அக்ரிலிக் குழாய்களில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும்: பி.ஆர். 101 என்றால் ஆக்சைடு சிவப்பு, பி.ஒய். 42 என்றால் ஆக்சைடு மஞ்சள். நிறத்தின் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளையிலும் குறையில்லை. எண்ணெய் அடிப்படையிலான வெள்ளை எனாமல் இருட்டறையில் பழுத்து மஞ்சளாகும். அக்ரிலிக் வெள்ளைக்கு அந்த வியாதி கிடையாது.

குறை என்றால் வெப்பம். அக்ரிலிக் படலம் வெயில் காலத்தில் லேசாக இளகும். தொட்டால் ஒட்டுவதில்லை, ஆனால் தூசியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டியாக வேண்டும். பக்கத்து வீட்டில் இதே பெயிண்ட் பூசிய கொலுச் செட்டியாரைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். அடுத்த நவராத்திரிக்கு இறக்கியபோது அவர் தொந்தியில் 'வாடகைக்கு' என்ற விளம்பரம் இடவலம் மாறி, எழுத்து எழுத்தாகப் பதிந்திருந்தது. பழைய பருத்தி வேட்டிதான் சுற்றுவதற்கு ஏற்றது.

பிரைமர், ஐந்து நிறங்கள், வார்னிஷ் எல்லாம் சேர்த்துக் குதிரையின் விலையைவிடக் கூடுதலாகவே ஆனது. மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். புதுப் பொம்மையே மலிவு. கையால் செய்யும் வேலை பிடித்தவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன்.

தண்ணீரில் கரையும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்திருந்தேன். முதுகில், குழந்தைகள் கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. அங்கே பங்குனியில் இன்னொரு பூச்சு தருவதாக இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூசினால் வெண்புகைபோலப் படலம் விழும் என்பதால், வார்னிஷ் டப்பாவை அதுவரை திறப்பதாக இல்லை. வெளுத்த மாலையை ஆக்சைடு சிவப்பில் மாற்றலாமா என்று மகளிடம் கேட்டேன். இளஞ்சிவப்புதான் வேண்டுமாம், வெளுத்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்கிறாள்.