மஞ்சள் பாலா, ஜாமுவா, கேப்சூலா: குடலைத் தாண்டுவது எது?

முழங்கால் வலிக்கு மஞ்சள் நல்லது என்பதில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எப்படி உட்கொள்வது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. முப்பது ஆண்டுகள் கித்தா (ரப்பர்) மரம் சீவிய என் பெரியம்மா, மிளகு தட்டிப் போட்ட மஞ்சள் பாலை விடுவதாக இல்லை. பச்சை மஞ்சளையும் புளியையும் காய்ச்சி, காலைச் சந்தையில் போத்தலில் விற்கப்படும் ஜாமு இரண்டாவது கட்சி. கோலாலம்பூரில் வேலை செய்யும் பேத்தி 89 ரிங்கிட் கொடுத்து வாங்கி அனுப்பிய கேப்சூல் மூன்றாவது.

அட்டையில் அச்சிட்ட எண்களை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் என்னும் சத்து நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்குதான். ஒரு தேக்கரண்டித் தூளை 3 கிராம் என்று கொண்டால், அதில் 90 மில்லிகிராம் இருக்கும். குர்குமின் 95 விழுக்காடு உள்ள மஞ்சள் சாறு அடைத்த 500 மில்லிகிராம் கேப்சூலிலோ 475 மில்லிகிராம். ஆனால் வயிற்றில் இறங்குவது வேறு, இரத்தத்தில் சேர்வது வேறு.

குர்குமின் நீரில் கரைவதில்லை, கொழுப்பில்தான் கரையும். ஆட்டுக்கறிக் குழம்பை ஆற வைத்துப் பார்த்தால், மேலே மிதக்கும் எண்ணெய் பளிச்சென்று மஞ்சளாக இருப்பது இதனால்தான். ஜாமு போத்தலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படியும் வண்டலில் குர்குமினும் சேர்ந்து கிடப்பதும் இதனால்தான். கொழுப்பு உள்ளே வந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விடுகிறது. அது கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும்போது, அத்துளிகளில் ஏறிக்கொண்டுதான் குர்குமின் குடற்சுவரை நெருங்குகிறது. கரையாமல் கிடப்பதில் ஒரு பகுதி, அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலில் சிதைந்தும் போகிறது. ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் நீர் சிவப்பதைப் பார்த்திருக்கிறோம்; குடலின் காரத்தன்மை (அமிலத்திற்கு எதிரானது) அவ்வளவு கடுமையானதன்று என்றாலும், குர்குமினுக்குக் காரம் ஆகாது என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி. ஆகவே வெறும் வயிற்றில் குடிக்கும் ஜாமுவை நான் கடைசியில்தான் வைப்பேன். அதே ஜாமுவை, தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக்கோடு பசியாறும்போது குடித்தால் கதை சற்று மாறும்.

குடற்சுவரைத் தொட்டுவிட்டால் போதுமா என்றால், உண்மையான சுங்கச்சாவடி அங்கேதான் இருக்கிறது. குடற்சுவரின் உயிரணுக்களும் அடுத்து வரும் கல்லீரலும் குர்குமினுடன் குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்து, உடனே வெளியேற்றத் தக்க பொருளாக மாற்றிவிடுகின்றன. மிளகிலுள்ள பைப்பரின் இந்தப் பிணைப்பு வேலையைத் தடுக்கிறது. 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினை மட்டும் உட்கொண்டவர்களின் இரத்தத்தில் அது அநேகமாகக் காணப்படவே இல்லை. 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது முதல் ஒரு மணி நேரத்திற்குள் அளவு வெகுவாக உயர்ந்தது, உறிஞ்சப்படுவது 2000 விழுக்காடு கூடியது. கேப்சூல் விளம்பரங்களில் வரும் ‘20 மடங்கு’ இந்த ஆய்விலிருந்து எடுத்ததுதான். ஆனால் 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும் என்பதையும், 20 மில்லிகிராம் பைப்பரின் கால் தேக்கரண்டி மிளகுத் தூளுக்குள்ளேயே கிடைத்துவிடும் என்பதையும் விளம்பரம் சொல்வதில்லை. கொழுப்பு நீக்காத பசும்பாலும் தட்டிய மிளகும் சேர்ந்த பெரியம்மாவின் குவளையில் இரண்டு தடைகளுக்குமே ஏதோ ஒரு விடை இருக்கிறது. குறைவது அளவு மட்டுமே.

அப்படியானால் மிளகுச் சாறும் சேர்த்த கேப்சூல்தான் முதலிடமா? இரத்தத்தில் சேரும் அளவு ஒன்றையே பார்த்தால் ஆம். ஆனால் மிளகு திறந்துவிடும் கதவு மஞ்சளுக்கு மட்டும் உரியதன்று. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் ஆகிய மருந்துகளின் இரத்த அளவையும் பைப்பரின் உயர்த்துகிறது. மஞ்சள் கேப்சூல்களை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2019இல் இத்தாலியில் அடுத்தடுத்து அறிக்கைகள் வந்தன. 2023இல் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும், உறிஞ்சும் திறன் கூட்டப்பட்ட தயாரிப்புகளில் இந்த ஆபத்து அதிகமாக இருக்கலாம் என எச்சரித்தது. உறிஞ்சப்படாமல் போவதுதான் மஞ்சளின் குறை என்று எண்ணியிருந்த எனக்கு, அதுவே ஒரு காவலாகவும் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கேப்சூலே வேண்டும் என்பவர்கள், போத்தலில் ‘மால்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் உள்ளனவா எனப் பார்த்து, கொழுப்புள்ள உணவோடு விழுங்க வேண்டும். கூடு மாட்டு ஜெலட்டினால் ஆனதா என்பதையும் நம் வீடுகளில் கேட்பார்கள். தாவரக் கூட்டில் அடைத்தவையும் கிடைக்கின்றன.

பெரியம்மாவின் வழக்கு இவ்வளவு தூரம் போகவில்லை. அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் உட்கொள்பவர். மஞ்சள் கேப்சூல் சேர்ந்தபின் இரத்தம் உறையும் நேரம் ஆபத்தான அளவுக்கு நீண்டுபோன ஒருவரைப் பற்றி 2018இல் நியூசிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. கிளினிக்கில் போத்தலைக் காட்டியதும் மருந்தாளர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மஞ்சள் பாலையும் நாளுக்கு நாள் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவில் குடிக்கச் சொன்னார். “அதத்தானே நானும் சொன்னேன்” என்றார் பெரியம்மா. இரவில் பாலைக் குடித்து முடித்ததும், குவளையின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சளில் இன்னும் ஒரு மிடறு சூடான பாலை ஊற்றி, அலசி, அதையும் குடித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.