ஹோமாரே சாவாவின் ஆட்டங்கள்: முழுப் பதிவுத் தொகுப்பு ஒரு மதிப்புரை

ஜப்பான் மகளிர் கால்பந்து அணியின் முன்னாள் நடுக்கள வீராங்கனை ஹோமாரே சாவா ஆடிய உலகக் கோப்பை ஆட்டங்களை முழுமையாகப் பார்ப்பதற்காகவே ஒரு விளையாட்டுக் காணொளிச் சேவைக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். சில நிமிடச் சுருக்கங்களில் அவர் கோல் அடிப்பவராக மட்டுமே தெரிகிறார். அந்த வீராங்கனையை அறிந்துகொள்ள முழுப் பதிவுதான் வேண்டும் என்பது இப்போது எனக்கு உறுதியாகிவிட்டது.

2011ஆம் ஆண்டு ஸ்வீடனுக்கு எதிரான அரையிறுதியை எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது நிமிடத்தில் சாவா தவறாகக் கொடுத்த பாஸைப் பிடித்துத்தான் ஸ்வீடன் முதல் கோலை அடித்தது. அதன் பிறகும் அவர் ஒதுங்கி நிற்காமல் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறார். அறுபதாவது நிமிடத்தில் தலையால் முட்டி அணியை முன்னிலைக்குக் கொண்டுவருகிறார். தவறுக்கும் கோலுக்கும் இடைப்பட்ட அந்த ஐம்பது நிமிடங்களுக்காகவே சந்தா கட்டலாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜூலை 17 அன்று அமெரிக்காவுடன் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜப்பான் இரண்டு முறை பின்தங்கியது. 117ஆவது நிமிடத்தில் அயா மியாமா அடித்த கார்னரை நோக்கி, காவலாக நின்றவர்களுக்கு முன்னால் ஓடிவந்து, அருகிலிருந்த கம்பத்தின் பக்கம் வலது காலின் வெளிப்புறத்தால் பந்தைத் தொட்டுத் திருப்பிவிடுகிறார் சாவா. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த, 32 வயதான ஒரு தலைவியின் கால் அது என்பதை எண்ணியபடி அந்த ஓட்டத்தை நான்கு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். ஆட்டம் 2-2 என முடிய, பெனால்டி ஷூட்அவுட்டில் ஜப்பான் 3-1 என வென்றது. ஐந்து கோல்களுடன் அதிக கோல் அடித்தவர், தொடரின் சிறந்த வீராங்கனை ஆகிய இரு விருதுகளும் சாவாவுக்கே கிடைத்தன.

காட்சித் தெளிவு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தைத் தனிக் கோப்பாகப் பிரித்து, அதன் முகப்பிலேயே கோப்பையை ஏந்திய படத்தை வைத்திருப்பது, முடிவு தெரியாமல் முதல்முறை பார்க்க வருபவருக்குச் செய்யும் அநியாயம். வீராங்கனையின் பெயரைக் கொண்டு தேடவும் வழியில்லை; ஆண்டையும் அணியையும் தெரிந்து வைத்திருப்பவர்தான் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

இதைவிடப் பெரிய குறை, 2011க்கு முந்தைய ஆட்டங்கள் ஏறக்குறைய இல்லாததுதான். 1993இல், 15 வயதில், பிலிப்பைன்ஸுக்கு எதிரான தம் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே நான்கு கோல் அடித்தவர் அவர். 1995 முதல் 2015 வரை ஆறு உலகக் கோப்பைகளில் ஆடி, நாட்டுக்காக 205 ஆட்டங்களில் 83 கோல்களைக் குவித்தவரின் வளர்ச்சியை இத்தொகுப்பு பாதியிலிருந்துதான் காட்டுகிறது.

2015 இறுதி ஆட்டம் இருக்கிறது. 33ஆவது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக அவர் இறங்கும்போது ஜப்பான் ஏற்கெனவே மூன்று கோல் பின்தங்கியிருக்கிறது. பார்க்க மனம் கனத்தாலும் அதைத் தவிர்க்க வேண்டாம். அதே ஆண்டு டிசம்பரில், ஜப்பானின் உள்நாட்டு மகளிர் போட்டியான பேரரசி கோப்பையின் இறுதியில், தம் கழகமான கோபே அணிக்காகக் கார்னர் பந்தைத் தலையால் முட்டி அவர் அடித்த ஒரே கோலே வெற்றியைத் தந்தது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அந்த ஆட்டம் இத்தொகுப்பில் இல்லை. அதைச் சேர்த்தால் சந்தாவை அன்றைக்கே புதுப்பிப்பேன்.