பவர் டியூப் பயஸ்: எந்த அளவு முறையை நம்பலாம்?

கிட்டார் ஆம்ப்பில் பவர் டியூப் மாற்றினால் பயஸைப் பார்த்தே ஆக வேண்டும். டியூபில் ஓடும் கரண்ட்டைக் கட்டுப்படுத்த கிரிட் முனைக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்டேஜ்தான் பயஸ். கிரிட்டில் மைனஸ் வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறி பிளேட் (எலக்ட்ரான் வந்து சேரும் தகடு) சிவந்து பழுக்கும். கூடினால் ஒலி வறண்டு, சுரம் தேயும்போது கரகரக்கும். (வாக்ஸ் ஏசி30 போன்ற, பயஸைத் தானே அமைத்துக்கொள்ளும் கேத்தோடு பயஸ் ஆம்ப்பில் திருகுவதற்குப் பொட்டென்ஷியோமீட்டர் (பாட்) கிடையாது. அது வேறு கதை.) திருகுவது எளிது, கரண்ட்டை அளப்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

என் ஓட்டு 1 ஓம் ரெசிஸ்டருக்கே. ஒவ்வொரு டியூபின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான் புறப்படும் முனை) கிரவுண்டுக்கும் நடுவே ஒன்று. மீட்டர் 40 மில்லிவோல்ட் காட்டினால் 40 மில்லிஆம்பியர் ஓடுகிறது. மீட்டர் முனை படும் இடத்தில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் இல்லை. டியூபின் இன்னொரு கிரிட்டான ஸ்கிரீனின் கரண்ட்டும் சேர்ந்தே வரும். சில மில்லிஆம்பியர்தான், கழிக்காவிட்டாலும் டியூப் சற்றுக் குளிர்ந்த பக்கமே நிற்கும். சாக்கெட்டில் செருகும் பயஸ் புரோப் பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கிறது, சால்டரிங் இல்லாமல்.

ரெசிஸ்டர் வைக்க மனமில்லையென்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழி. ஆம்ப்பை அணைத்து, கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, சென்டர் டேப்பிலிருந்து (பிரைமரி சுருளின் நடு முனை) பிளேட் வரை ஓம் பாருங்கள். பிறகு கிளிப் மாட்டி ஆன் செய்து அதே இரு முனைகளுக்கிடையே வோல்ட். 50 ஓமில் 2 வோல்ட் விழுந்தால் 40 மில்லிஆம்பியர். இரு பாதிகளின் ஓம் ஒன்றாக இருக்காது, தனித்தனியே அளக்க வேண்டும். செம்பு 10 டிகிரி சூடேறினால் ஓம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். நான்கு டியூப் ஆம்ப்பில் இதற்குப் பெரிய குறை ஒன்று உண்டு: பக்கத்துக்கு இரண்டு டியூபின் மொத்தம்தான் தெரியும். ஒன்று 55, இன்னொன்று 25 இழுத்தாலும் மீட்டர் 80 என்றுதான் சொல்லும்.

அதே முனைகளில் மீட்டரை மில்லிஆம்பியரில் வைத்து அளக்கும் ஷன்ட் வழி துல்லியமானதுதான். ஆனாலும் வேண்டாம். முனை வழுக்கி சேசிஸைத் தொட்டால் 400 வோல்ட்டுக்கு மேல் மீட்டர் வழியே நேராக கிரவுண்டுக்குப் பாயும்.

ஆசிலாஸ்கோப்பில் கிராஸ்ஓவர் வெட்டு (அலை ஒரு பக்க டியூபிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் இடத்தில் தெரியும் முறிவு) மறையும்வரை திருகுவது பலருக்குப் பிடித்த வழி. டியூப் எத்தனை வாட் தாங்குகிறது என்று அது சொல்லாது; வெட்டு மறைவதற்குள் டியூப் அளவுக்கு மீறிச் சூடாகிவிடலாம்.

கரண்ட் தெரிந்தால் மட்டும் போதாது, பிளேட் வோல்டேஜும் வேண்டும். 6எல்6ஜிசி வகை டியூபின் பிளேட் தாங்கும் உச்ச வரம்பு 30 வாட். பாதுகாப்புக்காக அதில் 70 சதவீதம் மட்டும் எடுத்தால் 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 46 மில்லிஆம்பியர். 25 வாட் இஎல்34க்கு அதே வோல்டேஜில் 38. இவை கூரை, இலக்கு அல்ல. 35 பக்கம் காதுக்கு இனித்தால் அங்கேயே விடுங்கள். பாட்டைத் திருகும்போது பிளேட் வோல்டேஜும் நகரும். ஸ்பீக்கரைக் கழற்றாமல், கால் மணி நேரம் சூடேறவிட்டு, இரண்டையும் மறுபடி அளந்த பிறகே ஆம்ப்பை மூடுங்கள்.