ரஸ்கின், மூர்கிராஃப்ட், பில்கிங்டன்: மெருகுக்காக வாங்குவதென்றால் எது?

இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் உருவான ஆங்கிலேயக் கலைப் பாண்டங்களைச் சேகரிக்க முனைபவர், பெரும்பாலும் ரஸ்கின், மூர்கிராஃப்ட், பில்கிங்டன் என்ற மூன்று ஆலைகளின் பெயர்களுக்கு நடுவில்தான் தயங்கி நிற்பார். மெருகு, அதாவது சூளையில் உருகிப் பாண்டத்தின் மேல் கண்ணாடிபோலப் படியும் பூச்சு, அழகாக இருக்கிறது என்று மூன்றையும் ஒரே வாயால் புகழ்வது வழக்கம். ஆனால் அந்த அழகு மூர்கிராஃப்டில் மெருகுக்குக் கீழேயும், பில்கிங்டனின் லஸ்டர் (உலோகப் பளபளப்பு) ஜாடிகளில் மெருகின் மேலேயும், ரஸ்கினில் மெருகுக்குள்ளேயும் குடியிருக்கிறது. விலையைக் கேட்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

வில்லியம் மூர்கிராஃப்ட் 1897இல் பர்ஸ்லெமில் இருந்த மக்கின்டயர் நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தவர். 1913இல் காப்ரிட்ஜில் சொந்த ஆலையைத் தொடங்கினார். அவருடைய முறையில், மருதாணிக் கூம்பைப் பிழிவதுபோல, நீர்த்த களிமண் குழம்பை மெல்லிய குழாய் வழியே பிழிந்து, சுடாத பாண்டத்தின் மீது கோடுகள் இழுப்பார்கள். அந்தப் புடைத்த கோடுகளுக்குள் உலோக ஆக்சைடு நிறங்களை நிரப்பிச் சுட்டு, அதன் மேல் பளிங்கு போன்ற மெருகைப் பூசி மீண்டும் சுடுவார்கள். மாதுளையும் பான்சி மலரும் ஆழ்ந்த நீலத்திலிருந்து எழுந்து வருவது போலத் தோன்றுவதற்கு இந்த மெருகு காரணம்தான் என்றாலும், அதன் வேலை ஓவியத்துக்கு ஒளியூட்டுவது மட்டுமே. ஓவியத்தை எடுத்துவிட்டால் சொல்வதற்கு அதிகம் இராது.

மான்செஸ்டருக்கு அருகிலுள்ள கிளிப்டன் ஜங்ஷனில் இயங்கிய பில்கிங்டன் முதலில் ஓடு தயாரிக்கும் நிறுவனம். வெட்ஜ்வுட் பாண்ட நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த வில்லியம் பர்ட்டன் இங்கு வந்த பிறகுதான் மெருகு ஆராய்ச்சி வேகம் பிடித்தது. ஏற்கெனவே சுட்டு முடித்த மெருகின் மேல் வெள்ளி அல்லது செம்பு உப்புகள் கலந்த கலவையால் ஓவியம் தீட்டி, குறைந்த வெப்பத்தில், ஆக்சிஜன் குறைந்த புகைச் சூளையில் மறுபடி சுட்டால், மெல்லிய உலோகப் படலம் ஒன்று மேற்பரப்பில் தங்கிவிடும். கார்டன் ஃபோர்சித், ரிச்சர்ட் ஜாய்ஸ் போன்றோர் தீட்டிய சிங்கங்களும் மீன்களும் ஜாடியைத் திருப்பத் திருப்பப் பொன்னிலிருந்து செம்மைக்கு மாறுவது இதனால்தான். படலம் மேலேயே இருப்பதால் தேய்மானமும் முதலில் அங்கேதான் தெரியும். கழுத்தும் தோளும் மங்கிய ஜாடியை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம்.

பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெத்விக்கில் எட்வர்ட் டெய்லர் 1898இல் நிறுவி, மகன் வில்லியம் ஹவ்சன் டெய்லர் நடத்திய ரஸ்கின் ஆலையின் கதை வேறு. அங்கே உயர்வெப்பத்தில் சுட்ட ஜாடிகளில் தீட்டிய ஓவியமே கிடையாது. சீனத்தின் பழைய செம்மெருகை மீட்டெடுக்கும் முயற்சிதான் உண்டு. மெருகில் கலந்த செம்புக்குச் சூளையில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் பச்சை வரும். ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தினால் அதே செம்பு நுண்துகள்களாகப் பிரிந்து இரத்தச் சிவப்பைத் தரும். சுடுபவருடைய கையில் இருப்பது காற்றும் நேரமும் மட்டுமே. நல்ல மாதிரி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: விளிம்பில் மெருகு வழிந்து வெளுத்திருக்கும், தோளில் சிவப்பு ஊதாவாகக் கனத்திருக்கும், வயிற்றுப் பகுதியில் பாசி படிந்தாற்போலப் பச்சைப் புள்ளிகள் சிதறியிருக்கும். இன்னொரு ஜாடியில் இதே காட்சி அமையாது.

1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ரஸ்கினுக்குப் பெரும்பரிசும் மூர்கிராஃப்டுக்குத் தங்கப் பதக்கமும் கிடைத்தன. நடுவர்களோடு எனக்கு இதில் சச்சரவு இல்லை. 1935இல் ரஸ்கின் ஆலையை மூடியபோது டெய்லர் தம் மெருகுக் குறிப்புகளை அழித்துவிட்டார். அதே ஆண்டில் அவரும் மறைந்தார்.

ஆனால் ரஸ்கின் முத்திரை இருப்பதெல்லாம் உயர்வெப்ப வேலை அல்ல. 1920களின் பிற்பகுதியில் வந்த மங்கலான படிக மெருகு (மெருகுக்குள் படிகங்கள் பூத்த) ஜாடிகள் பெரும்பாலும் அச்சில் வார்த்தவை. எளிதில் கிடைப்பவை, குறைந்த செலவில் சேகரிக்க ஏற்றவை, ஆனால் அவற்றைச் செம்மெருகு ஜாடிகளின் விலைக்கு எவரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். பழுது பார்த்த இடங்களைக் கண்டுபிடிக்கப் புற ஊதா விளக்கு உதவும். பிற்காலப் பூச்சு அதில் தனித்துத் தெரியும். மூர்கிராஃப்டில் மெருகின் மயிரிழை விரிசல்களைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் உள்ளும் புறமும் ஒரே கோடாக ஓடும் கீறல் இருந்தால் விலகிவிடுவது நல்லது.

மெருகுக்காகவே வாங்குவதானால் என் தேர்வு ரஸ்கின்தான். பூவும் மரமும் வேண்டும், செம்மெருகின் சூடும் வேண்டும் என்பவருக்கு மூர்கிராஃப்ட் 1920கள் முதல் ஒடுக்கச் சூளையில், அதாவது ஆக்சிஜனைக் குறைத்து, சுட்ட ஃபிளாம்பே எனும் செம்மெருகு ஜாடிகள் இருக்கின்றன. அவற்றில் குழம்புக் கோடுகள் சிவப்புக்குள் பாதி மறைந்துவிடுவதால் ஓவியத்தின் தெளிவை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.