மூலக்கடை பாய் கடை: என் ஹெரால்டுக்கு எர்த் கிடைத்த இடம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் நிற்கிறது. 1968 மாடல், 948 சிசி, மெட்ராஸிலேயே செய்த வண்டி. அப்பா குன்னூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஹீட்டரும் அந்தக் குளிருக்காக அவர் போட்டதுதான். "மெட்ராஸ்ல எதுக்கும்மா ஹீட்டர்?" என்று கேட்காதவர் இல்லை. மழைக்காலத்தில் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படியும்போது அந்த விசிறியைப் போட்டால் இரண்டே நிமிஷத்தில் தெளிந்துவிடும். எனக்கு அது போதும்.

போன நவம்பரில் சிக்கல் ஆரம்பித்தது. ஹீட்டர் விசிறியைப் போட்டால் டேஷ்போர்டு விளக்குகள் மங்கும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து மெதுவாக மேலே ஏறும். விசிறியும் சோர்ந்து சுற்றும். இவை மூன்றும் ஒரே நோய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஒரு நாள் ராத்திரி, கொட்டும் மழையில், முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. அன்றைக்குப் பட்ட பயம் இன்னும் போகவில்லை.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். டேங்க்கில் பெட்ரோல் அளவைப் பார்த்து முள்ளுக்குச் சொல்லும் மிதவை யூனிட்டை மாற்றினார். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரை மாற்றினார். மல்டிமீட்டரை வைத்து 'பீப்' சத்தம் கேட்டுவிட்டு "எர்த் நல்லா இருக்கு" என்றார். எர்த் என்பது மின்சாரம் வண்டியின் உலோக உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. 9,000 ரூபாய் ஆனது. விசிறியைப் போட்டேன், முள் மறுபடி ஏறியது. முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் மூலக்கடை பக்கம் இருக்கும் பாய் கடையைச் சொன்னார். லாரி ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, பெயர்ப் பலகை கிடையாது. பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் ஸ்கூலில் பிசிக்ஸ் எடுத்தவள் என்று தெரிந்ததும் "டீச்சர்" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. "பேட்டரில எது பாடிக்குப் போகுது டீச்சர், பிளஸ்ஸா மைனஸ்ஸா?" பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் கை வைத்தால் ஒயரே எரிந்துபோகலாம். என் வண்டியில் நெகட்டிவ். அதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் மீட்டரை எடுத்தார்.

எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் சிவப்பு முனையைப் பெட்ரோல் மீட்டரின் உலோக உடம்பிலும் வைத்தார். சாவியைத் திருப்பினால் 0.1 வோல்ட். பார்க்கிங் லைட் போட்டால் 0.3. ஹீட்டர் விசிறியைப் போட்டதும் 1.9. எர்த் சரியாக இருந்தால் அங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம்தான் வர வேண்டும், 0.2ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்றார்.

'பீப்' சோதனை ஏன் ஏமாற்றியது என்று கேட்டேன். "பீப்னு வந்தா ஒயர் அறுந்துபோகலன்னு மட்டும்தான் அர்த்தம். லோடு கொடுத்தாதான் எர்த்தோட வண்டவாளம் தெரியும்" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். விசிறி நாலு ஆம்பியர் இழுத்தால், இணைப்பில் 0.4 ஓம் தடை இருந்தாலே போதும், 1.6 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மீட்டர் பீப் சோதனைக்கு அனுப்பும் துளி மின்சாரத்துக்கு அந்த 0.4 ஓம் ஒரு பொருட்டே இல்லை. ஓம் விதியை எத்தனையோ வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அப்பாவின் வண்டிக்குள் அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மறக்காது. ஒரு தடித்த ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு நுனியைப் பெட்ரோல் மீட்டரின் உடம்பில் வைத்து அழுத்தினார். டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. விசிறியின் சத்தமே மாறியது. பெட்ரோல் முள் மெல்ல மெல்ல இறங்கி உண்மையான இடத்தில் நின்றது. ஒயரை எடுத்தார், பழையபடி ஏறியது.

ஸ்டெபிலைசரின் வேலை, மீட்டர்களுக்குச் சராசரியாகப் பத்து வோல்ட் கொடுப்பது. அந்தப் பத்தை அது தன் எர்த்திலிருந்துதான் அளக்கிறது. அந்த எர்த்தே 1.9 வோல்ட் உயர்ந்து நின்றால், ஒழுங்காக எர்த் ஆகியிருக்கும் டேங்க் யூனிட்டின் கணக்கில் அது பன்னிரண்டை நெருங்கிவிடும். முள் பொய் சொல்லும். ஸ்டெபிலைசரின் எர்த் அடியோடு அறுந்தாலும் இப்படித்தான், முள் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். எர்த்தைப் பார்க்காமல் ஸ்டெபிலைசரை மாற்றிப் பயனில்லை.

குற்றவாளி ஒரே ஒரு ஸ்க்ரூ. அப்பா போட்ட டேஷ்போர்டு தேக்குப் பலகை, மரத்தில் எர்த் வராது. அதனால் மீட்டர்கள், விளக்குகள், ஸ்டெபிலைசர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றின் கறுப்பு ஒயரும் உள்ளே இருக்கும் தகரச் சுவரில் ஒரே ஸ்க்ரூவுக்குக் கீழே போயிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்திலும் அடித்து, அதன் மேலேயே லக்கை, அதாவது ஒயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை, வைத்து முறுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் எங்கள் கடற்காற்று. லக்கைக் கழற்றியபோது அடியில் பச்சையும் துருவும் கலந்து கிடந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விட்டார். உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்தார், புது லக், பல் வாஷர், மேலே வாஸலின். விசிறிக்குத் தனி எர்த் ஒயர் இழுத்தார். ஹெரால்டில் சேஸிஸ் தனி, பாடி தனி, நட்டு போல்ட்டில் முடுக்கியது. அதனால் பாடியிலிருந்து சேஸிஸுக்கும் ஒரு ஒயர் போட்டார். கடைசியாக என்ஜின் எர்த் பட்டையைக் காட்டினார். பாதி இழைகள் அறுந்திருந்தன. அது முழுக்க அறுந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாயும், கேபிள் சுட்டுப் புகையும். சோக் குமிழ் சில நாள் வெதுவெதுப்பாக இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதையும் மாற்றினோம்.

விசிறியைப் போட்டு அளந்தார்: 0.04. மூன்று மணி நேரம், 1,650 ரூபாய், எர்த் பட்டையும் சேர்த்து.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார இடமில்லை, நான் ஒரு லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். லாரிகளுக்குத்தான் முதல் கவனிப்பு, காலை பத்து மணிக்குள் போகவில்லை என்றால் அன்றைக்கு உங்கள் முறை வராது. போன் எடுக்க மாட்டார். பில் கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறார். மழை பெய்தால் சந்தில் முழங்கால் தண்ணீர். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். விசிறி மோட்டாரையே பிரித்துப் பார்க்கும் வேலையை அவர் எடுப்பதில்லை. என் மோட்டாரில் லேசான கரகர சத்தம் இருக்கிறது, அதற்கு வேறு ஆள் தேட வேண்டும்.

ஆனாலும் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் இவரைத்தான் சொல்கிறேன். கிளம்பும்போது "ஒரு மீட்டர் வாங்கி வண்டியிலயே வச்சுக்கோங்க டீச்சர், மழைக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ பாருங்க" என்றார். 600 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஜனவரியில் குன்னூருக்கு ஓட்டிப் போய்வந்தோம், ஹீட்டர் போட்டுக்கொண்டே. இன்று காலை அளந்தேன், 0.05.